பொருந்தாவிட்டால் தமிழ்

ஓசூருக்குக் குடிவந்த முதல் மாதத்திலேயே எனக்கு ஒன்று தெரிந்துவிட்டது. இங்கே ஒருவர் என்ன மொழி பேசுகிறார் என்பதை வைத்து அவருக்கு எந்த மொழி படிக்க வரும் என்று சொல்லிவிட முடியாது. மத்திகிரியில் எங்கள் வீட்டுக்காரர் மனைவியிடம் தெலுங்கு பேசுவார், பால் கொண்டுவருபவரிடம் கன்னடம், எங்களிடம் தமிழ். ஒருநாள் வாடகை ஒப்பந்தத்தை நீட்டியபோது, "நீங்களே படிச்சுச் சொல்லிடுங்கம்மா, எனக்குத் தமிழ் எழுத்து ஓடாது" என்றார். அவ்வளவு சரளமாகத் தமிழ் பேசுகிறவர். நான் ஆச்சரியப்பட்டு ஊருக்குப் போன் போட்டு அம்மாவிடம்கூடச் சொன்னேன். ஆகவே, தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

நான் சங்கரன்கோவில் பக்கம். கணவருக்கு இங்கே சிப்காட்டில் வேலை கிடைத்ததால் வந்தோம். எனக்கும் கார்களுக்கு வயரிங் கட்டித்தரும் ஓர் ஆலையில் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை கிடைத்தது. டேட்டாபேஸ் என் பொறுப்பு. எங்கள் கம்பெனிக்கு மூன்று ஆலைகள்: ஓசூரில் ஒன்று, கிருஷ்ணகிரிப் பக்கம் ஒன்று, எல்லை தாண்டிக் கர்நாடகத்தில் ஒன்று. மூன்றுக்கும் தனித்தனி டேட்டாபேஸ். பெயருக்குத்தான் மூன்றும் ஒன்றுபோல. உள்ளே திறந்து பார்த்தால் ஒரே தாய்க்குப் பிறந்து வெவ்வேறு வீட்டில் வளர்ந்த பிள்ளைகள் மாதிரி இருக்கும்.

ஆலையில் வயர் கட்டுகிற வேலை முழுக்கப் பெண்கள். பெரிய பலகையில் வயர்களை இழுத்து, கிளிப்பில் மாட்டி, டேப் சுற்ற வேண்டும். ஒவ்வொரு பலகைக்கு மேலேயும் ஒரு திரை இருக்கும். பெண்கள் அதை டிவி என்பார்கள். அடையாள அட்டையை ஒரு பெட்டியில் காட்டினால், அன்றைக்கு எந்த மாடல், எந்த வயர் எங்கே என்று அந்தப் பெண்ணுக்குத் தெரிந்த மொழியில் திரையில் வரும். தமிழ், கன்னடம், தெலுங்கு, இந்தி. யாருக்கு எந்த மொழி என்பது டேட்டாபேஸில் அவரவர் பெயருக்கு எதிரே ஒரு ஃபீல்டில் எழுதியிருக்கும். மாதம் ஒருமுறை பயிற்சி அறையில் டேப்லெட்டில் இருபது கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். அந்தக் கேள்விகளும் அதே ஃபீல்டைப் பார்த்துத்தான் வரும். மூன்று முறை தொடர்ந்து தவறினால் காண்ட்ராக்டைப் புதுப்பிக்க மாட்டார்கள்.

அவளை நான் பஸ்ஸில்தான் முதலில் பார்த்தேன். மத்திகிரி கால்நடைப் பண்ணை நிறுத்தத்தில் நாங்கள் இருவர்தான் ஏறுவோம். முதல் இரண்டு நாள் என்னை மேடம் என்றாள். மூன்றாம் நாள் பக்கத்தில் உட்கார்ந்து, "அக்கா, உங்களுக்கு அவரைக்காய் பிடிக்குமா? ஊர்ல இருந்து வந்துக்குது" என்று கேட்டாள். முப்பது வயதிருக்கும். எல்லையோரக் கிராமம். வீட்டில் கன்னடம். அந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் கன்னடத்திலேயே பத்தாவது வரை படித்தவள். பிள்ளை படிப்புக்காக மத்திகிரியில் ஓர் அறை எடுத்து, பெண்ணைத் தமிழ்ப் பள்ளியில் சேர்த்திருந்தாள். வேலையில் கெட்டிக்காரி. நான்கு வருடமாக ஒரே பலகை. கண்ணை மூடிக்கொண்டு கட்டுவேன் என்பாள், பெருமைக்காக இல்லை, உண்மையாகவே.

அவள் உரித்த அவரைப் பருப்பைப் பையில் போட்டுத் தருவாள். நான் ஊரிலிருந்து வரும்போது அவளுக்குச் சேவு வாங்கி வருவேன். ஒரு வருடத்துக்கு மேல் அப்படி ஒன்றாகப் போய் வந்தோம்.

அந்த வருடம் கம்பெனியில் டேட்டாபேஸ் மாற்றங்களை இனிமேல் கையால் செய்யக் கூடாது என்று முடிவெடுத்தார்கள். அதுவரை ஒவ்வொரு மாற்றத்துக்கும் நான் ஒரு ஸ்கிரிப்ட், அதாவது கட்டளைகள் அடங்கிய ஒரு சின்னக் கோப்பு, எழுதி மெயிலில் அனுப்புவேன். மூன்று ஆலையிலும் யாராவது ஓட்டுவார்கள். ஓரிடத்தில் மறந்துபோவார்கள், இன்னோரிடத்தில் இரண்டு தடவை ஓட்டிவிடுவார்கள். அதனால்தான் மூன்றும் மூன்று விதமாகிக் கிடந்தன. புதிய கருவி வந்தது. டேட்டாபேஸ் எப்படி இருக்க வேண்டும் என்று எழுதி, ஒரே பேக்கேஜாகக் கட்டிக் கொடுத்துவிட்டால் போதும். அது ஒவ்வொரு ஆலைக்கும் போய், அங்கே இருப்பதோடு ஒப்பிட்டு, எதைச் சேர்க்க வேண்டும் எதை எடுக்க வேண்டும் என்று தானே கணக்கிட்டு, தானே செய்து முடித்துப் பச்சை டிக் போட்டுவிடும். எனக்கு அந்தக் கருவியை மிகவும் பிடித்திருந்தது. பல வருடக் குப்பையைக் கூட்டித் தள்ளப் போகிறோம் என்றிருந்தது.

குப்பையில் ஒன்று அந்த மொழி ஃபீல்டு. அதில் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் தட்டச்சு செய்யலாம் என்று விட்டிருந்தார்கள். எந்த எழுத்துக்கு எந்த மொழி என்று யாரோ கையால் போட்டுவைத்த ஒரு பட்டியலைப் பார்த்துத் திரைகள் சமாளித்துக்கொண்டிருந்தன. அதை எடுத்துவிட்டு, நான்கு மொழிக்கு நான்கு குறியீடு, அவற்றில் ஒன்றைத்தான் போட முடியும் என்று மாற்றினேன். பழைய எழுத்தைப் பார்த்துப் புதிய குறியீட்டை நிரப்ப ஒரு சின்ன ஸ்கிரிப்டைப் பேக்கேஜோடு சேர்த்தேன். 'Tamil' என்றோ 'TAM' என்றோ இருந்தால் தமிழ். 'Kannada', 'KAN' என்றால் கன்னடம். மற்ற இரண்டுக்கும் அப்படியே. எதனோடும் பொருந்தாவிட்டால்? காலியாக விடக் கூடாது என்று நானே விதி வைத்திருந்தேன். ஏதாவது ஒன்றைப் போட்டாக வேண்டும். தமிழ் என்று போட்டேன். மூன்றில் இரண்டு தமிழ்நாட்டு ஆலை, பத்தில் எட்டுப் பேருக்குச் சரியாக இருக்கும் என்று நினைத்தேன். நினைத்ததுகூட இல்லை. விரல் அதை அடித்துவிட்டது, பிறகு யாராவது கேட்டால் சொல்லக் காரணம் வைத்துக்கொண்டேன்.

கிருஷ்ணகிரி ஆலையின் நகலில் சோதித்துப் பார்த்தேன். அங்கே சுத்தமாக இருந்தது. ஒருவர்கூடத் தவறவில்லை.

ஓசூருக்கு அனுப்பியபோது கருவி நின்றுவிட்டது. அதில் ஒரு பாதுகாப்பு உண்டு. ஏற்கெனவே உள்ள தகவல் அழிந்துபோக வாய்ப்பிருந்தால் மாற்றத்தைச் செய்யாமல் நின்று, எச்சரிக்கை காட்டும். பழைய மொழி ஃபீல்டை எடுப்பதற்கும் நின்றது. அதோடு சேர்த்து யாரோ எப்போதோ உருவாக்கி மறந்த இருபது முப்பது ஃபீல்டுகளுக்கும் நின்றது. பட்டியல் இரண்டு பக்கத்துக்கு நீண்டது.

எங்கள் மேனேஜர் பெங்களூரிலிருந்து தினமும் வந்து போகிறவர். கெட்டவர் இல்லை. என் பின்னால் நின்று பட்டியலைப் பார்த்துவிட்டு, "இப்படி ஒவ்வொரு தடவையும் நின்னா அப்புறம் எதுக்கு ஆட்டோமேஷன்? இதெல்லாம் வேணுமா வேணாமா?" என்றார்.

"வேண்டாம் சார், எல்லாம் பழசு."

"எல்லாம் பாத்துட்டீங்கல்ல?"

"பாத்துட்டேன் சார்."

பாதியைத்தான் பார்த்திருந்தேன். அந்தப் பாதுகாப்பு அமைப்பில் ஒரு சின்னக் கட்டம் இருக்கிறது, அதில் ஒரு டிக். அந்த டிக்கை எடுத்துவிட்டால் கருவி நிற்காது. ஞாயிற்றுக்கிழமை மதியம், ஆலை ஓடாத நேரத்தில், சாப்பிட்டு வந்து டிக்கை எடுத்தேன். பேக்கேஜை அனுப்பினேன். பதினோரு நிமிடத்தில் மூன்று ஆலைக்கும் பச்சை வந்துவிட்டது. மறுபடி டிக்கைப் போட வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிவைத்தேன். அதையும் பல வாரம் கழித்துத்தான் செய்தேன். மறுநாள் மேனேஜர் எல்லாருக்கும் லட்டு வாங்கிக் கொடுத்தார். நான் இரண்டு எடுத்துக்கொண்டேன்.

மூன்று வாரம் போயிருக்கும். பஸ்ஸில் அவள் என் பக்கம் திரும்பி, "அக்கா, ஒன்னு கேக்கட்டா?" என்றாள்.

நான் போனில் கிருஷ்ணகிரியிலிருந்து வந்த மெயிலுக்குப் பதில் அடித்துக்கொண்டிருந்தேன். "ம், கேளு."

"டிவியில எல்லாம் இப்ப தமிழ்ல வருதுக்கா."

"நல்லதுதான?"

"இல்லக்கா, எனக்கு மின்ன கன்னடாலதான் வந்துகினு இருந்துச்சு. இப்ப என்னாத்துக்கு மாத்திட்டாங்கோ? கம்பெனி ரூல் எதுனா போட்டாங்களா?"

"அதெல்லாம் தெரியலயே. சூப்பர்வைசர்ட்ட சொல்லி கம்ப்யூட்டர்ல புகார் டிக்கெட் போடச் சொல்லும்மா. டிக்கெட் வந்தாத்தான் எங்களால பாக்க முடியும்."

"டிவிய வுடுக்கா, படம் பாத்துச் செஞ்சிடுவேன். டெஸ்ட்டுதான்…" என்று தொடங்கியவள், நான் போனிலிருந்து தலையை எடுக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். "சரிக்கா, சொல்றேன்."

அந்த வாக்கியத்தை அவள் முடித்திருந்தால் எனக்குப் புரிந்திருக்குமா என்று பலமுறை யோசித்திருக்கிறேன். புரிந்திருக்கும் என்றுதான் தோன்றுகிறது. முடிக்க நான் விடவில்லை.

அவள் சொன்னபடியே செய்திருக்கிறாள். பதினைந்து நாள் கழித்து சூப்பர்வைசரிடமிருந்து ஒரு டிக்கெட் வந்தது. ஆங்கிலத்தில் ஒரே வரி: சில ஆபரேட்டர்களுக்குத் திரையில் மொழி தவறாக வருகிறது, பார்க்கவும். கூடவே மூன்று பேரின் எண்கள். பெயர்கள் இல்லை. நான் மூன்று எண்களையும் டேட்டாபேஸில் தேடினேன். மூன்றிலும் தமிழ் என்று இருந்தது. திரையிலும் தமிழ்தான் வருகிறது. சரியாகத்தானே இருக்கிறது? 'பதிவில் உள்ளபடியே வருகிறது' என்று எழுதி டிக்கெட்டை மூடினேன். பதிவில் அப்படி எழுதியது யார் என்று எனக்கு அப்போது தோன்றவேயில்லை. நாம் ஒன்றை எழுதிவைத்து, பிறகு அதையே ஆதாரமாக எடுத்துக் காட்டுவது எவ்வளவு சுலபமாக நடந்துவிடுகிறது! அந்த மூன்று எண்களில் ஒன்று அவளுடையது.

சூப்பர்வைசருக்கு அந்தப் பதில் போயிருக்கும். அவர் அவளிடம், "ஐ.டி.ல இருந்தே சொல்லிட்டாங்கம்மா, இதான் கரெக்டாம்" என்று சொல்லியிருப்பார். அதற்குமேல் அவள் யாரிடம் போவாள்? என்னிடம் ஏற்கெனவே கேட்டாகிவிட்டது.

அதன் பிறகு பஸ்ஸில் அவள் அதைப் பேசவில்லை. கொஞ்சம் பேச்சு குறைந்ததாக இப்போது தோன்றுகிறது. அப்போது கவனிக்கவில்லை. ஒருநாள் மடியில் ஒரு பழைய ஒன்றாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தை வைத்துப் புரட்டிக்கொண்டிருந்தாள். "பாப்பாவுக்கா?" என்று கேட்டேன். "ஆமாக்கா" என்று பைக்குள் வைத்துவிட்டாள். அவள் பெண் அப்போது நான்காம் வகுப்பு.

பிறகு ஒரு திங்கட்கிழமையிலிருந்து அவள் பஸ்ஸுக்கு வரவில்லை. ஊருக்குப் போயிருப்பாள் என்று நினைத்தேன். அடுத்த வாரம் அவள் லைனில் வேலை பார்க்கும் இன்னொரு பெண்ணிடம் கேட்டேன். "அதுக்கு காண்ட்ராக்ட் முடிஞ்சிடுச்சுங்க மேடம். டெஸ்ட்டுல மூணு தபா பெயிலு. வேல நல்லாத்தான் செய்யும், என்னமோ பாவம்" என்றாள். எனக்கு வருத்தமாக இருந்தது. போன் பண்ணலாம் என்று நினைத்தேன். என்ன ஆறுதல் சொல்வது என்று தெரியாமல் தள்ளிப்போட்டேன். பிறகு அந்த இருக்கையில் வேறொரு பெண் உட்காரத் தொடங்கினாள்.

எட்டு மாதம் கழித்துத்தான் எனக்கு உண்மை தெரிந்தது. பயிற்சி அறை அதிகாரி, சேலத்துக்காரர், பாதுகாப்பு விதிகளைச் சின்னப் புத்தகமாக அச்சடிக்கப் போவதாகச் சொல்லி, எந்த மொழிக்கு எத்தனை பேர் என்று கேட்டிருந்தார். எடுத்து அனுப்பினேன். அரை மணி நேரத்தில் ஆளே நேரில் வந்துவிட்டார்.

"என்னா மேடம், ஓசூர்ல கன்னடம் நாலே பேரா?"

"சிஸ்டம்ல அப்படித்தான் சார் இருக்கு."

"சிஸ்டத்த வுடுங்க. எங்கூட வந்து பாருங்க, ஒரு பெஞ்சு முழுக்க ஒக்காந்திருக்காங்க. மின்னாடி லிஸ்ட் எடுத்தப்ப நாப்பது பேர் கிட்ட வந்தாங்களே?"

அவர் நின்றுகொண்டே இருந்தார். பார்த்துச் சொல்கிறேன் என்று அவரை அனுப்பிவிட்டேன்.

ஒவ்வொரு பேக்கேஜும் போவதற்கு முன்னால் கருவி ஒரு நகல் எடுத்துவைக்கும். அந்த ஞாயிற்றுக்கிழமை நகல் தேடியபோது கிடைத்தது. அதைத் திறந்து, பழைய மொழி ஃபீல்டையும் புதிய குறியீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். 'Kanada' என்று ஒரு n குறைந்தவர்கள் பலர். 'KND' சிலர். 'Kan/Tel' என்று இரண்டையும் போட்டவர்கள். 'Telgu' நான்கைந்து. எல்லாரும் தமிழாகியிருந்தார்கள். ஓசூரில் மொத்தம் முப்பத்தேழு பேர்; மற்ற இரண்டு ஆலையிலும் யாரும் மாறவில்லை.

அவள் எண்ணுக்கு எதிரே ஒரு முழு வாக்கியமே இருந்தது. முன்பு பயிற்சி அறையில் இருந்த யாரோ பொறுமையாக ஆங்கிலத்தில் தட்டியிருந்தார்: தமிழ் நன்றாகப் பேசுவார், ஆனால் கன்னடம் மட்டுமே படிப்பார். அதைவிடத் தெளிவாக ஒருவரைப் பற்றி எழுதிவைக்க முடியாது. என் ஸ்கிரிப்ட் ஒற்றை வார்த்தைகளைத் தேடிக்கொண்டிருந்தது. வாக்கியம் எதனோடும் பொருந்தவில்லை.

முப்பத்தேழு பேரில் பெரும்பாலானவர்களுக்குத் தமிழும் ஓரளவு படிக்க வந்திருக்கிறது. சிலர் பக்கத்தில் உள்ளவர்களைக் கேட்டுச் சமாளித்திருக்கிறார்கள். ஆறு பேர் மூன்று தேர்விலும் தவறி வெளியே போயிருந்தார்கள். அவளுடைய மதிப்பெண்களைப் பார்த்தேன். இருபதுக்கு மூன்று, ஆறு, ஒன்பது. அதற்கு முந்தைய மாதங்களில் ஒருமுறைகூடப் பதினேழுக்குக் கீழே இறங்கியதில்லை.

மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். அவர் லேப்டாப்பை மூடினார். பிறகு, "ஃபிக்ஸ் பண்ணிடலாம்ல?" என்றார்.

"இருக்கிறவங்களுக்கு இன்னைக்கே பண்ணிடலாம் சார். போன ஆறு பேர்?"

"அது எச்.ஆர். விஷயம். நீங்க டேட்டாவ சரிபண்ணுங்க. மெயில்ல ரொம்ப நீளமா எழுத வேணாம்."

அன்றே சரிசெய்தேன். இம்முறை ஒவ்வொரு வரியையும் கண்ணால் படித்தேன். பயிற்சி அதிகாரியும் பக்கத்தில் உட்கார்ந்து சரிபார்த்தார்.

அவள் எண் என் போனில் இருந்தது. கூப்பிட எனக்கு இன்னும் மூன்று வாரம் ஆனது. கடைசியில் கூப்பிடாமலேயே ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பஸ் ஏறிப் போனேன். மத்திகிரி அறையைக் காலி செய்துவிட்டு ஊருக்கே போய்விட்டாள் என்று விசாரித்து வைத்திருந்தேன். தளி சாலையில் இறங்கி, உள்ளே இரண்டு கிலோமீட்டர் ஷேர் ஆட்டோ. வீட்டில் அவள் கணவர் இருந்தார். பக்கத்து ரோஜாப் பண்ணைக்கு வேலைக்குப் போயிருப்பதாகச் சொல்லி, போன் செய்து வரச்சொன்னார். பந்தல் நிழலில் ஒரு நாற்காலி போட்டு மோர் கொடுத்தார்.

அவள் முழுக்கைச் சட்டை மேலே போட்டு, தலையில் துண்டு கட்டி வந்தாள். கையெல்லாம் முள் கீறல். என்னைப் பார்த்ததும் சிரித்தாள். "வாங்க மேடம், என்னா இவ்ளோ தூரம்?" என்றாள். அக்கா என்று சொல்லவில்லை.

வழியெல்லாம் யோசித்து வைத்ததை மறந்துவிட்டேன். "உனக்கு மொழி மாறினது கம்பெனி ரூல் இல்லம்மா. நான் பண்ணின தப்பு. நான் எழுதினதுல உன் பேருக்குத் தமிழ்னு விழுந்துருச்சு. கேள்வியெல்லாம் அதனாலதான் தமிழ்ல வந்துச்சு" என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். பிறகு கணவரிடம் கன்னடத்தில் வேகமாக ஏதோ சொன்னாள். அவர் எழுந்து உள்ளே போய்விட்டார்.

"அப்ப நான் பெயில் ஆவலையா?" என்றாள்.

"இல்ல."

"எனக்கு வேல தெரியலன்னு இல்லையா?"

"இல்லம்மா. உன்னயக் கேட்டது உனக்குத் தெரியாத மொழில."

துண்டை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டாள். "எம் பொண்ணு புக்க வாங்கி நான் எழுத்து படிச்சேன் மேடம். தெனம் ராத்திரி அவதான் சொல்லிக் குடுத்தா. மூணாவது டெஸ்ட்டுல ஒம்போது வாங்கினேன். இன்னும் ரெண்டு மாசம் வுட்டிருந்தா பாஸ் ஆயிருப்பேன். இவங்கிட்டயெல்லாம், எனக்குத்தான் மூள இல்லன்னு சொல்லி வச்சிருக்கேன்." துண்டை இரண்டாக மடித்தாள். "நான் ஒங்ககிட்ட கேட்டேனே பஸ்ல."

"கேட்ட."

"சூப்பர்வைசருகிட்டயும் சொன்னேனே. அவரு ஐ.டி.ல கேட்டுட்டாங்க, அதான் கரெக்டுன்னாரு. யாரு அப்படிச் சொன்னது?"

"நான்தான்."

அவள் அழவில்லை, கத்தவுமில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். மோர் டம்ளரை எடுத்துப் போய் உள்ளே வைத்துவிட்டு, ஒரு தாளோடு வந்தாள். காண்ட்ராக்ட் ஏஜென்சி கொடுத்த விடுவிப்புக் கடிதம். ஆங்கிலத்தில் இருந்தது. காரணம் என்ற இடத்தில், தேவையான திறன் இல்லாமை என்று அச்சாகியிருந்தது.

"இத எடுத்துகினு ரெண்டு கம்பெனி போனேன். இத பாத்ததும் பேசவே மாட்டாங்கறாங்க. இந்த லைன மாத்திக் குடுப்பீங்களா?"

மாற்றித் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். என்னால் முடியுமா என்று யோசிக்காமல்தான் அதையும் சொன்னேன்.

எச்.ஆரில் கேட்டபோது, அந்தக் கடிதம் ஏஜென்சி கொடுத்தது, நாங்கள் திருத்த முடியாது என்றார்கள். ஏஜென்சியில், கம்பெனி என்ன காரணம் சொன்னதோ அதைத்தான் போட்டோம், கம்பெனி எழுத்தில் கொடுத்தால் பார்க்கலாம் என்றார்கள். கம்பெனி எழுத்தில் கொடுக்கவில்லை. எச்.ஆர். கடைசியாகச் சம்மதித்தது ஒன்றுக்குத்தான்: அந்த ஆறு பேரின் பதிவில் 'மீண்டும் எடுக்கக் கூடாது' என்று இருப்பதை 'எடுக்கலாம்' என்று மாற்றுவது.

அதையும் கருவி வழியாகத்தான் செய்ய வேண்டும். ஸ்கிரிப்ட் எழுதி, பேக்கேஜில் சேர்த்து, காரணம் எழுதி, மேனேஜரின் ஒப்புதலுக்கு அனுப்ப வேண்டும். காரணத்தில் நடந்ததை எல்லாம் எழுதினேன். யார் எழுதிய ஸ்கிரிப்ட், எந்த டிக் எடுக்கப்பட்டது, டிக்கெட்டுக்கு யார் என்ன பதில் சொன்னார்கள், எத்தனை பேர் வேலை இழந்தார்கள். மேனேஜர் ஒப்புதல் கொடுக்காமல் திருப்பி அனுப்பினார். கூப்பிட்டு, "இது ஆடிட்ல வரும். ஒரு வரியில போடுங்க, உடனே அப்ரூவ் பண்றேன்" என்றார்.

"ஒரு வரில எழுதினா யாருக்கும் புரியாது சார்."

"புரிய வேண்டிய அவசியம் இல்ல. அவங்களுக்கு வேல கெடைக்கணுமா, உங்க மனசு ஆறணுமா?"

நியாயமான கேள்வி மாதிரித்தான் இருந்தது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு, 'ஆபரேட்டர் நிலைத் திருத்தம்' என்று எழுதினேன். இரண்டு நிமிடத்தில் ஒப்புதல் வந்தது. பேக்கேஜ் போனது. பச்சை விழுந்தது. அந்த ஒரு வரி மட்டும்தான் இன்றைக்கும் அங்கே இருக்கிறது.

ஏஜென்சி அவளைக் கூப்பிட்டது. போனாள். மத்திகிரியில் என் வீட்டைத் தாண்டித்தான் போயிருக்க வேண்டும், என்னிடம் சொல்லவில்லை. அங்கே, இடைவெளி விழுந்துவிட்டதால் புதிதாகச் சேர்கிறவர்களைப் போல் முதலிலிருந்து பயிற்சியாளராக ஆரம்பிக்க வேண்டும் என்றார்களாம். அன்று மாலை எனக்குப் போன் வந்தது.

"நாலு வருசம் செஞ்ச வேலய மறுக்கா கத்துக்கணுமாம் மேடம். எனக்கு கத்துக் குடுக்கப் போறது யாருன்னு தெரியுமா? நான் கத்துக் குடுத்த பொண்ணு." அவள் குரலில் கோபம் இருந்தது. முதல்முறையாக. "எனக்கு வாணாம். ரோஜாவே போதும். நீங்களும் இனிமேட்டு அலையாதீங்க."

"அந்த லெட்டர்…" என்றேன்.

"அது ஆவாதுன்னு தெரியும். வச்சிடறேன்."

அதற்குப் பிறகு நான் இரண்டு முறை கூப்பிட்டேன். எடுக்கவில்லை. மூன்றாவது முறை கூப்பிட எனக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை.

மற்ற ஐந்து பேரின் பெயரும் ஊரும் என்னிடம் இருந்தன. ஒருவர் சிங்காரப்பேட்டைக்குக் கல்யாணமாகிப் போனவர். இரண்டு பேர் எல்லைக்கு அந்தப் பக்கம். எல்லாருக்கும் ஏஜென்சி போன் செய்ததாகச் சொன்னார்கள். இரண்டு எண்கள் உபயோகத்தில் இல்லை. ஒருவர் திரும்ப வந்து சேர்ந்தார். என்ன நடந்தது என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. உங்களுக்கு இன்னொரு வாய்ப்பு தருகிறோம் என்று சொல்லிச் சேர்த்துக்கொண்டார்கள். சில நாள் கேண்டீனில் எனக்கு முன்னால் வரிசையில் நிற்பார். என்னை யாரென்று தெரியாததால் மரியாதையாக ஒதுங்கி, நீங்க போங்க மேடம் என்று வழிவிடுவார்.

மற்ற நான்கு பேரைப் பார்க்க நான் போகவில்லை. அவளைப் பார்க்கப் போனதுகூட, தெரிந்தவள் என்பதால்தான். பஸ்ஸில் பக்கத்தில் உட்காராமல் இருந்திருந்தால், அவளும் எனக்கு ஒரு மூடிய டிக்கெட்டில் ஓர் எண்ணாகத்தான் இருந்திருப்பாள். ஒவ்வொரு மாதமும், அடுத்த மாதம் விடுமுறை எடுத்துப் போய் வரலாம் என்று நினைக்கிறேன். தாளில் எழுதிக்கூட வைத்திருந்தேன். இரண்டு வருடம் ஆகப் போகிறது. அவர்களில் யாராவது இன்னமும், தனக்கு மூளை போதாது என்று வீட்டில் சொல்லிக்கொண்டு இருக்கலாம்.